அம்மா வாசித்த சீட்டு

சங்கரன்கோவில்

அன்பு மகள் எப்சிபாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இரண்டு ஆடுகளும் சுகம். டெல்லியில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் எழுபது வயதில் எழுதக் கற்றவனுக்குக் கை சும்மா இருக்குமா. முதியோர் வகுப்பில் ஆபிதா பானு டீச்சர், எழுத்து சாய்ந்தாலும் வாசிக்க முடிகிறது என்று சொல்லிவிட்டார். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

செல்வக்குமாரைக் கட்டிக்கொள்ளலாமா என்று, வீட்டில் ஜெபித்து 'வேண்டும்', 'வேண்டாம்' என்று சீட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியாரைக் கேட்டேன். உலகம் உண்டாகுமுன்னே எல்லாம் குறிச்சாச்சு, சீட்டு அதக் காட்டும், அம்புட்டுதான் என்றார். பக்கத்தில் நின்ற மகாராஜன், அப்போ காலையில சட்னிக்கு உப்புக் கூடிப்போச்சுன்னு நான் பொண்டாட்டிகூடச் சண்டை போட்டதும் குறிச்சதுதானா வே, எம்பேர்ல தப்பில்லன்னு அவகிட்ட வந்து சொல்லும் என்று அவரைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, சீட்டு வைக்க அம்மா கலியாணத்துக்குக் கொண்டுவந்த வேதாகமத்தைத் திறந்தேன். அதில் சங்கீதப் பக்கங்களுக்குள் பழுப்பேறிய சீட்டு ஒன்று இருந்தது. எங்கள் கலியாணத்துக்குப் போட்டது. அன்றைக்கு அம்மா வீட்டில் உன் தாத்தா எடுத்துக் கொடுக்க, அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆளான அம்மா 'வேண்டும்' என்று வாசித்தாள். நாற்பத்திரண்டு வருஷமாக, ஆண்டவரே குறித்த கலியாணம் என்று ஊரெல்லாம் சொல்லிவந்தேன். இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன், 'வேண்டாம்' என்று இருக்கிறது!

அடுப்படிக்குப் போய் நீட்டினேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஆமா, ஆண்டவரு வேண்டாம்னாரு, நான் வேணும்னேன், இம்புட்டு வருஷத்துல அவரே ஒரு வார்த்தை கேக்கல, நீரு கேக்க வந்துட்டீராக்கும் என்றாள். பிறகு இத ஏன்ட்டி கிழிச்சுப் போடல என்றேன். நீரு வாசிக்கவா போறீருன்னு இருந்துட்டேன் என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உபதேசியாரிடம் சொன்னால், அவ மாத்தி வாசிப்பாங்கதும் முன்னமே குறிச்சதுதான் என்கிறார். அவரை யாரும் ஜெயிக்க முடியாது.

ஆகையால் மகளே, உனக்காக நாங்கள் சீட்டு எடுக்கவில்லை. எதுவும் எழுதாத துண்டுக் காகிதம் ஒன்றைக் கவரில் வைத்திருக்கிறேன். ஆண்டவரிடம் ஒன்றும் மறைக்காமல் ஜெபம் பண்ணிவிட்டு, உன் மனதில் உள்ளதை நீயே எழுது. எதை எழுதினாலும் நீ அவர் கையைவிட்டுப் போய்விடமாட்டாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார். குளிருக்குக் காதை மூடிக்கொள். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குக் கட்டாயம் வா, ஆளோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி.

இப்படிக்கு,
சீட்டு 'வேண்டாம்' என்று சொல்லியும் உன் அம்மா 'வேண்டும்' என்று சொன்ன
அப்பா பெத்துராஜ்