யிட்ஸ்கே தனியாக ஓட்டிய சுற்றுகள்

ஸ்னேக்,
மார்ச் கடைசி ஞாயிறு

அன்பு மகன் வீபேவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே முனக ஆரம்பித்துவிடுகிறது. நியூசிலாந்தில் நீயும் உன் மாடுகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். அங்கே குளிர் தொடங்கப் போகிறது, கம்பளி பனியனை இப்போதே எடுத்து வெளியே வை.

உன் தங்கை யிட்ஸ்கேயைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவளுடைய ரோடு சைக்கிள் டீம் அவளை விட்டுவிட்டதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், எங்களுக்கே கிறிஸ்துமஸ் அன்றுதான் சொன்னாள். எத்தனை வருஷம் அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தாள், டீம் தலைவிக்கு முன்னால் போய் எதிர்க்காற்றையெல்லாம் தானே வாங்கிக்கொண்டாள், அவள் பெயரில் ஒரு வெற்றிகூட இல்லை. தோளெலும்பு முறிந்து ஒரு சீசன் வீணானதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பா, "போதும்டி, உடம்பு மிச்சமிருக்கும்போதே இறங்கிடு" என்றார். அவள் பட்டாணி சூப்பைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். அப்புறம்தான் உள்ளரங்க ட்ராக்கில் சைக்கிள் ஓட்டும் லோனெக்கே என்ற பெண் இவளைக் கூப்பிட்டாள், "எனக்கு வேகம் இருக்கு, ஆனா ரொம்ப நேரம் தாங்காது, என்னோட ஜோடியா வர்றியா" என்று.

நேற்று அல்க்மாரில் தேசியப் போட்டி. வரவே மாட்டேன் என்ற அப்பா, நான் காரில் ஏறியதும் பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டார். ஜோடிப் பந்தயம் உனக்குத் தெரியுமே, ஒருத்தி ஓட்டும்போது மற்றவள் ட்ராக்கின் மேல்சரிவில் மெதுவாகச் சுற்றி மூச்சு வாங்குவாள், பிறகு கையைப் பிடித்து முன்னே வீசி மாற்றிக்கொள்வார்கள். பாதியில் லோனெக்கே விழுந்தாள். மரத்தளத்தில் சறுக்கிய சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நம்ம பொண்ணா? சொல்லு, நம்ம பொண்ணா?" என்றார். இல்லை, அவள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறாள் என்றேன்.

ஜோடி எழுந்து வரும்வரை இவள் ஓய்வே இல்லாமல் தனியாகச் சுற்ற வேண்டும், மற்றவர்களோ மாறி மாறிப் புதுக்காலோடு வருகிறார்கள். முகம் சாம்பலாகிவிட்டது, வாய் பிளந்துவிட்டது, ஆனாலும் கூட்டத்தை விடவில்லை. அப்பா மெல்ல நிமிர்ந்தார், பிறகு எழுந்தே நின்றார். "விடாதடி! முன்னால போற சக்கரத்தை விடாத!" என்று அவர் கத்தியதில் முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு முறைத்தார். "அது என் பொண்ணுய்யா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கத்தினார்.

லோனெக்கே முழங்கையில் கட்டும் கிழிந்த உடையுமாகத் திரும்பி வந்தாள். முறிந்து சேர்ந்த அந்தத் தோளாலேயே யிட்ஸ்கே அவளை முன்னே வீசினாள், கடைசி ஸ்பிரிண்ட் புள்ளிகள் அவர்களுக்குத்தான். மொத்தப் புள்ளிகளில் இரண்டாவது இடம், வீபே!

கீழே போனால் அவளால் நிற்கவே முடியவில்லை. எப்படித் தாங்கினாய் என்று அப்பா கேட்டார். "காத்துல தனியாப் போறது எனக்கென்ன புதுசாப்பா? ஆனா இந்தத் தடவை ஒருத்தி எனக்காக எழுந்து வந்தா பாருங்க" என்றாள். தேசியப் பயிற்சியாளர் அவளை முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அப்பா யோசித்துவிட்டு, "சரி போ, ஆனா மெதுவா ஓட்டு" என்றார். சிரித்துச் சிரித்து அவளுக்குத் தோள் வலித்துவிட்டது.

உனக்கு உப்பு மிட்டாய் அனுப்பியிருக்கிறேன், ஒரே நாளில் தின்றுவிடாதே. தொட்டதெல்லாம் துலங்கி, வயிறும் மனசும் நிறைந்து இரு. மறக்காமல் தங்கையைக் கூப்பிடு. அவளாகச் சொல்ல மாட்டாள், நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. நீயே கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை கேள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா