பத்து ஆட்டத்துக்கு எத்தனை துடிப்பு

ஆகஸ்ட் 14, புதன்

விடியும்போதே புழுக்கம். திலகா பள்ளிக்கூடம் போய் இரண்டு மாதம் ஆகிறது. மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் நெஞ்சையும் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து பெண்ணுக்கு ஆறாம் வகுப்பு எங்கள் வீட்டில்தான். டீச்சர் நான். கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் பாடம் நடத்தியவள், அது எங்கே போகும்.

அறிவியலில் அடுத்த பாடம் இயக்கம். புத்தகத்தைப் பிரித்தாலே கொட்டாவி விடுகிறாள். செய்து பார்க்கட்டும். திட்டம்:

1. சாய்ந்த பலகையில் கோலி. வெறும் பலகை ஒரு தரம், சாக்கு விரித்து ஒரு தரம்.
2. ஊசல். நூல் இரண்டு முழம், நுனியில் படிக்கல்.
3. அட்டை வண்டி. சக்கரத்துக்கு என்ன செய்வது? இவரைக் கேட்க வேண்டும்.

எல்லாம் உட்கார்ந்தபடி செய்யக்கூடியவை. ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது. துடிப்பு தாறுமாறானால் அன்றைக்கே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு தெருவில் போனார்கள். தி. ஜன்னல் கம்பியை விட்டு நகரவில்லை. கூப்பிட்டுக் கோலியைக் கையில் கொடுத்தேன்.

சாக்கு விரித்ததும் கோலி பாதியில் நின்றது. "சாக்கு அதைப் புடிச்சி இழுக்குதும்மா" என்றாள். உராய்வு என்று நான் வாயைத் திறப்பதற்குள் புரிந்துகொண்டாள். எத்தனை சந்தோஷம்.

மத்தியானம் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. வெயிலாக இருக்கும். துவரம்பருப்பு வாங்க மறந்துபோனேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஊசல். தறி இருக்கும் அறையில், உத்திரத்தில் கட்டினோம். செகண்டு முள் வைத்த கடிகாரம் வீட்டில் இல்லை. நாடியைப் பிடித்து எண்ணலாம் என்று பெரிய புத்திசாலி மாதிரி சொன்னது நான்தான். கல் பத்து தரம் போய்வருவதற்குள் எத்தனை துடிப்பு. கொஞ்சம் பெரிதாக ஆட்டினாலும் சிறிதாக ஆட்டினாலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும்.

தி. தன் நாடியில் எண்ணியது: 31, 25, 38, 27.

"ஊசல் கெட்டுப்போச்சும்மா."

தறி அடிக்கிற அடியில் உத்திரம் அதிர்கிறது, அதனால்தான் என்றேன். நானும் அதை நம்பினேன். இவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். "நாளைக்கு அமாவாசை, தறில எறங்கமாட்டேன். அப்ப ஆட்டிக்கோங்க. இன்னிக்கு வுடு" என்றார்.

அவள் தண்ணீர் குடிக்கப் போனதும் என் நாடியைப் பிடித்து எண்ணினேன். தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 25. 25. 25.

அவள் கையைப் பிடித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம்.

ஆகஸ்ட் 17, சனி. அமாவாசை

தெரு முழுக்க ஒரு தறிச் சத்தம் கிடையாது. இன்று தறிமேல் பழி போட முடியாது. காமாட்சியை வேண்டிக்கொண்டு கல்லை ஆட்டிவிட்டேன். தி. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து எண்ணி, தானே நோட்டில் எழுதினாள்.

30, 30, 31, 30.

அப்பாடா. தறிதான். நேற்று என் நாடியை நான் அவசரத்தில் எண்ணியிருப்பேன். பாயசம் வைத்தேன். "இன்னா விசேஷம்?" என்று கேட்டார் இவர். அமாவாசை என்றேன். சாயங்காலம் இடி மட்டும், மழை இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலை ஏழு மணி. அடுப்படியில் இருந்தேன். இவர் தறியில் இறங்கப் போகும்போது தி. மெதுவாகப் பேசியது காதில் விழுந்தது.

"நைனா, ஊசல் மேல தப்பில்ல. நேத்து நான் எண்ணவே இல்ல. சும்மா முப்பதுன்னு எழுதிட்டேன்."

"ஏன்மா?"

"அம்மா பயந்துக்கினே இருக்குது. நான் தூங்கறப்ப மூக்குகிட்ட கை வச்சிப் பாக்குது. நெஞ்சுல மீன் துள்றா மாதிரி இருக்குது நைனா. அம்மாகிட்ட சொல்லாத."

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இரண்டு துடிப்பு. அடுத்ததைக் காணோம். பிறகு மூன்று, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு.

தறியில் இருப்பது முகூர்த்தப் புடவை, முந்தானை பாதியில் நிற்கிறது. முந்தானையைப் பாதியில் விட்டு இவர் ஒரு சாவுக்குக்கூட எழுந்து போனதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கப் போனார்.

எடுத்துக்கொள்ள: டாக்டர் சீட்டு, பாவாடை இரண்டு, பிளாஸ்க், போர்வை. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரிய டாக்டர் இருப்பாரோ என்னவோ.

தி. நோட்டில் நேற்றைய நான்கு எண்களையும் அடித்துவிட்டாள். புதுப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். பஸ்ஸில் நான் அவள் நாடியை எண்ண வேண்டுமாம், அவள் எழுதுவாளாம், டாக்டரிடம் காட்டுவதற்கு. "வர்றதை வர்ற மாதிரியே சொல்லணும். என்னை மாதிரி முப்பதுன்னு சொல்லக் கூடாது" என்று கையை நீட்டினாள்.

கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். பயமாக இருக்கிறது.