அல்லியங்கோதை வரப் பெருவண்டி தாழ்த்திய ஓலை

திரு நிறைக. செங்கோட்டு மலைநாட்டின் ஏழு கணவாய்க்கும் காவலன், அருவிக்கொடி உயர்த்தோன் நன்னெடுங்கோ விடுக்கும் ஓலை. வெண்மணற்கரை நாட்டின் தனிக்குடைச் செல்வரும், எம் மகள் அல்லியங்கோதையின் கரம் பற்றியதால் எமக்கு மகனுமாகிய மருகர் பொழிற்கீரனார் திருமுன் வைக்கப்படுக. நும் துறைகளில் கலங்கள் பழுதின்றிச் சேர்க. நும் உப்பளங்களில் வெயில் குறையாதிருக்க. யாமும் அரசியாரும் நலம்.

ஏழாம் திங்கள் நிறைந்த எம் மகளைத் தலைப்பேற்றுக்குத் தாய்வீடு அனுப்ப இசைந்தீர். ஆயின் வழி ஆறு நாள் என்பதால், மடியில் வைத்த மோர்க்கலயம் சிந்தாத ஊர்தி வந்தாலன்றி அனுப்பலாகாது என்று நும் அரண்மனை மருத்துவர் உரைத்ததாகவும், அதில் நீவிர் உறுதியாய் நிற்பதாகவும் எழுதினீர். முதன்முறை படித்தபோது சினந்தோம்; மறைப்பானேன். மறுமுறை படித்தபோது மகளை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று மனம் குளிர்ந்தது.

எம்மிடம் எண்மர் அமரும் கூண்டுப் பெருவண்டி ஒன்றுண்டு. வில்லாய் வளைத்து அடுக்கிய இரும்புப் பட்டைகளின் மேல் கூண்டு அமர்ந்திருப்பதால், எப்பாதையிலும் குலுங்காது. இடர் வண்டியில் இல்லை, வாயிலில் இருந்தது. பேற்றுக்கு வரும் மகள் கோட்டையின் உள்முற்றம் சேருமுன் தரையில் கால் வைத்தல் எம் குல வழக்கம் அன்று; எம் தலைவாயிலின் உயரமோ அவ்வண்டி நுழையப் பதினொரு விரல் போதவில்லை. கட்டியவர் பிழையன்று அது. முடிசூடும் ஒவ்வோர் அரசனும் தன் பெயர் பொறித்த கல்லொன்றை வாயில் தரையில், முன்னவன் கல்லின் மேலேயே பதிப்பது எம் மரபு. ஒன்பது அரசர் பெருமை ஏற ஏற, வாயில் குறுகிப் போயிற்று.

வண்டிக் கூரையை வெட்டிவிடலாம் என்றார் அமைச்சர். மருத்துவச்சியும் தோழியரும் ஆறு நாளும் கூனிக்கொண்டு வருவதா என்று அரசியார் ஒரே கேள்வியில் அவரை அமர்த்தினார். ஆகவே வண்டியைத் தாழ்த்துமாறு தச்சர் தலைவர் பொற்கோடனைப் பணித்தோம். ஒவ்வொரு சோதனைக்கும் மோர்க்கலயத்தை மடியில் ஏந்தி யாமே அமர்ந்தோம். பிறர் மடியை நம்ப மனம் வரவில்லை.

முதலில் அவர் சிறிய உருளைகளைப் பூட்டினார். வண்டி வாயிலில் இனிதே நுழைந்தது. ஆனால் கரிசல் சேற்றில் அச்சு வரை புதைந்தது. ஆற்றுத்துறையில் கூண்டுக்குள் நீர் ஏறி எம் காலணி மிதந்து போயிற்று. அடுத்து, உருளைகளைப் பழையபடி மாற்றிவிட்டு, பட்டைகளில் பாதியைக் கழற்றி எஞ்சியவற்றின் வளைவைத் தட்டி நிமிர்த்தினார். பார்வைக்கு அதுவே அழகு. கல்பாதையில் ஏறியதும் கூண்டு அச்சின்மேல் இடித்து, மோர் முழுதும் எமக்கு அபிஷேகமாயிற்று. உடன் வந்த படைத்தலைவர் நாவைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் பேசவில்லை. அரசவை அமைதியாய் நடந்தது.

மூன்றாவதாகப் பொற்கோடன் ஒரு விண்ணப்பம் செய்தார். பட்டைகளில் ஒன்றையும் குறைக்க வேண்டா, அச்சின் மேல் அமர்ந்துள்ள அடுக்கை அச்சின் கீழே தொங்கக் கட்டினால், அதன் நெகிழ்வு மாறாமலே கூண்டு எட்டு விரல் இறங்கும் என்றார். பள்ளத்தில் அச்சு மேலெழுந்து அடிச்சட்டத்தில் முட்டாதிருக்க, சட்டத்தைப் பிறை வடிவாய்க் குடைந்து, குடைந்த இடத்தை இரும்புத் தகட்டால் இறுக்கினார். சேறு, ஆறு, கல்பாதை மூன்றும் கடந்தோம்; ஒரு துளி சிந்தவில்லை. கலயத்தை அரசியாரிடம் கொடுத்தோம். அவர் மோரைக் குடித்துவிட்டு, வண்டி நன்று, மோரில் உப்பு போதாது என்றருளினார்.

எனினும் மூன்று விரல் மிஞ்சி நின்றது. அடுக்குக்கு ஒரு பட்டை மட்டும் கழற்றினால் அதுவும் தீரும், சிறிதளவே அதிரும் என்றார் அமைச்சர். பொற்கோடன் எம் முகத்தையே பார்த்தார். யாம் வாயில் தரையைப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் மேலே எம் பெயர் கிடந்தது. முன்னோர் கற்கள் யாவும் இரு விரல் கனம். இருபத்தோராண்டின் முன், அவர்களிலும் பெரியோன் எனக் காட்ட நான்கு விரல் கனத்தில் கல் தேர்ந்தவர் யாமே. எம் மகளின் வழியை எம் செருக்கே மறித்துக் கிடந்தது கண்டு நாணினோம்.

முன்னோர் கல்லைத் தொடற்க, எம் கல்லைப் பெயர்த்தெடுக்க என்று அங்கேயே ஆணையிட்டோம். மரபு என்னாகும் என்று அமைச்சர் கலங்கினார். பிறக்கப்போகும் பிள்ளை அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றோம். நேற்று, எண்மரை ஏற்றிய பெருவண்டி ஒரு விரல் இடைவெளி விட்டு வாயிலைக் கடந்தது. நகரத்தார் ஆரவாரித்தனர்; யாம் கண் துடைத்ததைப் பலரும் பார்த்திருப்பர், பார்க்கட்டும்.

பெருவண்டி இவ்வோலையுடனே வருகிறது. தரையோடு ஊர்கிறதே என்று நும் மக்கள் நகைத்தால் நகைக்கட்டும். நும் மருத்துவர் கலயம் ஏந்தி அமர்ந்து, தாம் விரும்பிய பாதையில் ஓட்டிப் பார்ப்பாராக. மனம் நிறைந்தபின் எம் மகளை அனுப்பி வைப்பீராக. மருகருக்கு ஆணையிடும் உரிமை எமக்கில்லை. இது ஒரு தந்தையின் வேண்டுகோள்.

ஆணை மற்றவர்க்கே. வண்டிப்பாகன் எருதுகளை நடத்துக, ஓட்டற்க. கணவாய்க் காவலர் வழியிற் கல் கிடக்க விடற்க. பெயர்த்த கல்லை உள்முற்றத்தில், வண்டியிலிருந்து இறங்கும் இடத்தில் படியாய் இடுக. எழுத்தைக் கீழ்நோக்கிப் புதைக்கவா என்று கல்தச்சர் கேட்டிருந்தனர். வேண்டா, எம் பெயர் மேலே தெரியவே இடுக, எம் மகள் அதன்மேல் கால் வைத்து இறங்குக.

அருவி இலச்சினை ஒற்றி, எம் கையாலேயே எழுதினோம். நன்னெடுங்கோ.