மதினியின் கட்டைவிரல் அசைந்த நாள்

மதினி,

இன்று காலை தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் கட்டிலுக்கடியில் கூட்டும்போது உங்கள் செருப்பு அகப்பட்டது. வலது செருப்பு அப்படியே இருக்கிறது. இடது, கட்டைவிரல் படும் இடத்தில் தேய்ந்து பிய்ந்தே போய்விட்டது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொழுந்து எடுக்கப் போகும் ஏற்றத்தில் உங்கள் இடது கால் இழுக்கத் தொடங்கியபோது நாம் சிரித்தோம். "செருப்பு தொளதொளன்னு இருக்கு புள்ள, குமுளிக்குப் போறப்ப வேற வாங்கணும்" என்றீர்கள். வாங்கிய புதுச் செருப்பும் அதே இடத்தில் தேய்ந்தது. ஏற்றம் வந்தால் என் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினீர்கள்.

பிறகு ஒருநாள், குளிக்க இறக்கிய வெந்நீர் சரிந்து உங்கள் வலது காலில் கொட்டியது. அலறியது நான்தான். நீங்கள் அசையாமல் நின்று என்னைப் பார்த்தீர்கள்.

"சுடவே இல்லையே புள்ள."

தோல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. இழுப்பது ஒரு கால், சூடு தெரியாதது மறு கால். இது என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு மருத்துவர் டிஸ்க் விலகியிருக்கிறது என்று இடுப்புக்குப் பெல்ட் கொடுத்தார். மலையிறங்கிப் போய் எடுத்த ஸ்கேனைப் பார்த்து முதுகுக்குள் நீர்க்கட்டி என்றார்கள். மாத்திரை மாறிக்கொண்டே இருந்தது. நீங்கள் சுவரைப் பிடிக்காமல் எழ முடியாத நிலைக்கு வந்துவிட்டீர்கள்.

மதுரையில் அந்த அம்மா டாக்டர்தான் உங்களைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசிமுனையாலும் குளிர்ந்த இரும்பாலும் இரண்டு கால்களையும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பிறகு பழைய ஸ்கேனை வெகுநேரம் பார்த்தார்.

"கட்டி இல்லம்மா. தண்டுவடத்தச் சுத்தி ஒரு உறை இருக்கு. நெஞ்சு மட்டத்துல, முன்பக்கமா அதுல ஓட்டை விழுந்திருக்கு. தண்டுவடம் அது வழியாப் பிதுங்கி மாட்டிக்கிட்டிருக்கு."

"எங்கயும் விழல, அடிபடலயே டாக்டர்?" என்றான் அண்ணன்.

"தானாவும் வரும். ரொம்ப அபூர்வம். ஆபரேஷன் பண்ணி, மெதுவா விடுவிச்சு, ஓட்டைய மூடணும். நல்லா நடக்கலாம், இப்படியே நிக்கலாம், மோசமாவும் ஆகலாம். விட்டுட்டா ரெண்டு காலும் போயிரும்."

வெளியே பெஞ்சில் அண்ணன் உடைந்துபோனான். "வேண்டாம். இருக்கிறது போதும். வீட்டுக்குப் போயிருவோம்."

"கிடையில கிடக்கவா கூட்டிட்டுப் போறீக?" என்று கேட்டீர்கள். "எனக்கு நடக்கணும்."

அவன் எழுந்து கையெழுத்துப் போட உள்ளே போனான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் போர்வையை விலக்கச் சொன்னீர்கள். இடது கட்டைவிரல் லேசாக மேலே எழுந்தது. "பாரு புள்ள, அசையுது, அசையுது!" பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் உங்கள் பாதத்தில் முகம் வைத்து அழுதான். அன்றைக்கு நாம் மூவரும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஊர் திரும்பிய சில நாளில், மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் தட்டைக் கீழே வைத்தீர்கள். "மூச்சு முட்டுது புள்ள." அவ்வளவுதான். ஜீப் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும்போதே என் மடியில் உங்கள் தலை கனத்துவிட்டது. படுத்திருந்த நாட்களில் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டதாம். ஆசுபத்திரி வாசலில் வருவோர் போவோரிடமெல்லாம், "கால் சரியாயிருச்சே, கால் சரியாயிருச்சே" என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

யார்மேல் கோபப்படுவது மதினி? முதலிலேயே கண்டுபிடித்திருந்தால் என்று ஒரு பொழுது நினைக்கிறேன். ஆபரேஷனுக்கே போகாமல் இருந்திருந்தால் என்று மறுபொழுது. அண்ணன் ஒரே ஒருமுறை வாய் திறந்தான். "நான் வேண்டாம்னு சொன்னேன்ல." நானும் சொன்னேன், "மதினி வேணும்னாகளே." இரண்டும் உண்மைதான். எந்த உண்மையும் ஒரு வாய்ச் சோற்றை உள்ளே இறக்க உதவவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் போகமாட்டேன் என்கிறது. வேலைக்கு யாரோடு நடந்தாலும் அவர்களுக்கு இடப்பக்கமாகவே போய் நிற்கிறேன். ஏற்றம் வந்ததும் என் வலது முழங்கை தானாக விலகி, பிடித்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. யாரும் பிடிப்பதில்லை. ஏற்றம் முடியும்வரை அதை மடக்க எனக்கு மனம் வருவதில்லை.