சுகமாக இருக்கிறாய் என்று எழுதிவிட்டேன்

என் அன்பான அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுபடுத்தினால் உனக்குப் பிடிக்காது. தலவாக்கலை நெட் கடையில், நீ வழக்கமாக உட்காரும் ஓரத்து மேசையில் இருந்துதான் எழுதுகிறேன்.

நீ போன பிறகும் சனிக்கிழமைகளில் டயகமவிலிருந்து பஸ் ஏறி வருகிறேன். நீ வாசித்த கிறிஸ்தவ வலைப்பூக்களை விடாமல் வாசிக்கிறேன். சபையின் மாத இதழில் உன் பக்கத்தை இப்போது நான்தான் எழுதுகிறேன். இவை இல்லாவிட்டால் எனக்கு என்ன தெரியும்? தன் வலைப்பூவில் எழுத்துப் பாடம் நடத்துகிறாரே திருச்சி அண்ணன், அவர் போன வாரம், "சபைக்குள் மட்டும் புரியும் சொற்களைக் குறையுங்கள்" என்று எழுதியிருந்தார். நல்ல புத்தி. எனக்குத்தான் தாமதமாகக் கிடைத்தது.

அவருடைய ஜெப விண்ணப்பப் பக்கத்தில் உன் நோயைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா? முகம் தெரியாத எத்தனையோ பேர் இன்னும் உனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். "சகோதரி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. ஆனால் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. அடக்கத்தின்போது போதகர் சொன்னதையே எழுதினேன்: "என் அக்கா இப்போது கர்த்தருக்குள் சுகமாக இருக்கிறார். இனி வலி இல்லை."

அடுத்த வாரம் வந்து திறந்தால், பின்னூட்டம் முழுக்க ஸ்தோத்திரம், அல்லேலூயா! நீ குணமாகிவிட்டாயாம். கனடாவில் ஓர் ஆன்ட்டி, தன் மகனுக்கும் இதே நோய், உன் செய்தியை வாசித்துத்தான் அன்று சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறார். திருச்சி அண்ணன், நீ குணமானதை உன்னையே சாட்சியாக எழுதித் தரச் சொல்கிறார்.

தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "வலைப்பூவாம்! அதத் தலையில வைக்கலாமா, மால கட்டலாமா?" என்று உன்னைக் கேலி செய்த அம்மா, அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப அவங்கல்லாம் அக்கா உசுரோட இருக்கான்னு நெனைக்கிறாங்களா?"

"ஆமாம்மா. உண்மையச் சொல்லணும்."

"விடுடி. எங்கயாவது ஒரு எடத்துல இருந்துட்டுப் போறா."

நான் என்ன செய்வேன், அக்கா? உண்மையைச் சொன்னால் அந்த ஆன்ட்டி மறுபடி சாப்பிடாமல் இருப்பாரா? சொல்லாவிட்டால், பிறகு அவர் எங்களை மன்னிப்பாரா?

இன்று "இறந்துவிட்டார்" என்று தட்டினேன். அழித்தேன். திரும்பவும் தட்டினேன். கடை அண்ணன் எழுந்து வந்து, "என்னா தங்கச்சி, பொட்டியோட சண்டையா? பஸ்ஸு போயிரும்" என்றார். திரையைப் பார்த்ததும் தன் இடத்துக்கே திரும்பிப் போனார். திரும்பவும் அழித்தேன்.

அதனால்தான் பையிலிருந்து தாளை எடுத்தேன். முதலில் உன்னிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்று. அக்கா, நீ இறந்துவிட்டாய்.

வரும் சனிக்கிழமை இந்தக் கடிதத்தையே அந்த ஜெப விண்ணப்பப் பக்கத்தில் தட்டி ஏற்றுவேன். அவர்கள் கேட்ட சாட்சி இதுதான். அந்த ஆன்ட்டியின் மகனுக்காக நானும் ஜெபிப்பேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்

பி.கு.: கடையில் விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.