பின்னறையில் உங்களை உட்காரவைத்த ஜனவரி

டீச்சர்,

இன்று காலை வகுப்பறைக் கதவைத் திறந்ததும் வறுத்த கடற்பாசி வாசனை வந்தது. கொரியப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அங்கே குளிர்கால விடுமுறை. இங்கே ஜொகூர் பாருவில் நமக்கு நான்கு வாரம் ஓயாத ஆங்கில முகாம். உடனே உங்கள் நினைவு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாசாய் வீட்டிலிருந்து பஸ் ஏறி எங்கள் ஆங்கில நிலையத்துக்குப் பாடம் நடத்த வந்தீர்கள். முகாமுக்கு நான் பொறுப்பாளர். முதல் நாளே பத்து வயதுப் பிள்ளைகளை நம் ஊர் மழையைப் பற்றிப் பேசவைத்துச் சிரிக்கவைத்தீர்கள். வகுப்பறைக் கண்ணாடிக்கு வெளியே நின்ற கொரியத் தாய்மார்கள் சிரிக்கவில்லை.

மதியம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "வெள்ளைக்கார டீச்சர்தான் வேணுமாம். மாத்திடுங்க."

இங்கே உங்களைவிட நன்றாகச் சொல்லித்தர யாருமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சரி என்றேன்.

உங்களிடம் வந்து பொய் சொன்னேன். "பிள்ளைங்க எழுதற இங்கிலீஷ் டைரிய திருத்த ஆளில்ல டீச்சர். நீங்க பார்த்தாதான் சரியா இருக்கும்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "பரவால்ல மா. அந்த ரூம்ல ஏர்கோன் நல்லா குளிரா இருக்கு லா" என்றீர்கள்.

அதற்குமுன் எங்குமே பாடம் நடத்தியிராத ஒரு வெள்ளைக்கார இளைஞர், நீங்கள் எழுதி வைத்திருந்த பாடங்களைக் கொண்டே உங்கள் வகுப்பை எடுத்தார். நீங்கள் பின்னறையில் டைரிகளைத் திருத்தினீர்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கேள்வி எழுதி அனுப்புவீர்கள். பிள்ளைகள் ஆசையாகப் பதில் எழுதினார்கள். கேட்பது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கடைசி நாள் குழுப்படத்துக்கு எல்லாரும் நின்றபோது, என் கைப்பேசியை உங்களிடம் நீட்டி, "நீங்க எடுங்க டீச்சர்" என்றேன். எடுத்துக் கொடுத்தீர்கள்.

மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த முகாம் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

சாவு வீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்குத் தொண்ட சரியில்லன்னு நீங்கதான் கிளாஸ் குடுக்காம பார்த்துக்கிட்டீங்களாமே. எப்பவும் சொல்லுவாங்க."

உங்கள் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. பெற்ற மகளிடமும் என்னை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறீர்கள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமாம்மா" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்காக மாசாய்க்குப் போக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, டீச்சர்.