நாலாம் நம்பர் மட்டை

ஞாயிறு, ராத்திரி.

சோறு இறங்கல. தட்டை அப்படியே மூடி வச்சுட்டேன்.

எங்க முதலாளி அண்ணாச்சி வச்சிருக்க கோல்ஃப் அயர்ன் செட், அதான் இரும்பு மட்டைங்க, அஞ்சாம் நம்பர்ல தொடங்குது; நம்பர் குறையக் குறைய பந்து தூரமாப் போவும். அந்த அஞ்சைவிடத் தூரமா அடிக்க ஒரு ஹைபிரிட், இரும்பு மட்டையும் கட்டை மட்டையும் கலந்த மாதிரி ஒண்ணு, வேணும்னார். கப்பல்ல இருந்தப்போ ஊர் ஊரா ஆடினவன்னு என்னையத்தான் பாக்கச் சொன்னார். தூரத்தை முடிவு பண்ணுதது மட்டை முகத்தோட சாய்வு, மேல எழுதியிருக்க நம்பர் இல்ல; முகம் நிமிர நிமிர தூரம் கூடும். அவரோட அஞ்சே மத்த செட்டுல உள்ள நாலு அளவுக்கு நிமிர்ந்து நிக்குது. அதனால மூணாம் நம்பர் ஹைபிரிட் வாங்கச் சொன்னேன்.

அவரு மச்சினன் விடல. "அஞ்சுக்கு முன்னால நாலுதானே அத்தான், இவன் எதுக்கு மூணுங்கான்?" நாலுதான் வந்துச்சு.

இன்னைக்குச் சாயங்காலம் உப்பளத்துக்குப் பின்னால பொட்டல்ல அடிச்சுப் பாத்தார். பழைய அஞ்சுல ஒண்ணு, புது நாலுல ஒண்ணு. ரெண்டு பந்தும் பக்கத்துப் பக்கத்துல விழுந்துச்சு. பழசு போற தூரந்தான் புதுசும் போவுது, தெண்டம்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அண்ணாச்சிக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளாலே, எதுல அடிச்சாலும் குறி தப்பல."

மச்சினன் கைதட்டினான். கூட வந்திருந்த ஆபீஸ் மொத்தமும் தட்டிச்சு. அடுத்த மாசம் கொழும்புல கப்பல் கம்பெனிக்காரங்களோட ஆடப்போறார். ஒரே தூரத்துக்கு ரெண்டு மட்டையான்னு அங்க அவங்க சிரிப்பாங்க.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்லுத?"ன்னார்.

"பிரமாதம் அண்ணாச்சி"ன்னேன்.

ரெண்டு தடவ பல்லு தேச்சாச்சு. அந்தச் சொல்லு இன்னும் நாக்குலயே கெடக்கு.